இனிஷியலைக் கவனிங்க

ஆஸ்திரேலியா 462 விசா (அங்க தங்கி ஊர் சுத்திக்கிட்டே வேலையும் பாக்கலாம்) பேலட்டுக்கு, அதாவது குலுக்கலுக்கு, பதியப்போற வேலூர், குடியாத்தம் பசங்களுக்கு (வயசு 18 முதல் 30). 25 ஆஸ்திரேலிய டாலர் கட்டும் முன்னாடி பாஸ்போர்ட்டையும் பான் கார்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, பேர் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. ரெண்டும் கட்டாயம்.

நம்மூர்ல வில்லங்கமே இனிஷியல்தான். எம். கார்த்திக்குனு பாஸ்போர்ட்ல வராது, விரிச்சு எழுதணும். ஒண்ணுல 'முருகன் கார்த்திக்', இன்னொண்ணுல வெறும் 'கார்த்திக்'னு இருந்தா பான் கார்டைத் திருத்துங்க, அதான் சுலபம். பாஸ்போர்ட்டைத் தொட்டா ரீஇஷ்யூ (பழசுக்குப் பதிலா புதுசு), 1500 ரூபாய், போலீஸ் விசாரணையும் வரலாம்.

பாஸ்போர்ட்ல சர்நேம் (குடும்பப் பெயர்) கட்டம் காலியா? விசா ஃபார்ம்ல அந்த ஒத்தைப் பேரைக் குடும்பப் பெயர் கட்டத்துல போடுங்க. புள்ளி, கோடு வேண்டாம்.

ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடிமக்களா இருக்குற இந்திய வம்சாவளிக்காரங்களுக்குத் தர்றது) குடியுரிமை இல்ல. அதைக் காட்டி இந்தியக் கோட்டாவுல நுழைய முடியாது.