கனவு இல்லத் திட்டத்தில் வீடு: பட்டாவுக்காக நாங்கள் இழந்த ஏழு மாதங்கள்

சென்ற வாரம் எங்கள் வீட்டுக்குத் தளம் போட்டு முடித்தோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கீற்றுக் கூரையின் கீழ் வாழ்ந்த என் அம்மா, தளத்தின் மேல் பாத்தி கட்டித் தேக்கிய தண்ணீர் வற்றிவிட்டதா என்று ஒரு நாளைக்கு நான்கு முறை ஏணியில் ஏறிப் பார்க்கிறார். இந்த நிலைக்கு வருவதற்குள் ஏழு மாதங்கள் வீணாயின. அத்தனையும் ஒரு செங்கல்கூட வாங்குவதற்கு முன்பே கழிந்தவை. இதே வரிசையில் நிற்பவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தைப் பலரும் அறிவீர்கள். 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு, ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் வீடுகள் என்ற இலக்குடன் 2024-25 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், பரப்பு 360 சதுர அடி. கணக்கெடுப்புப் பட்டியலில் அம்மாவின் பெயர் இருந்தது, கிராம சபையிலும் வாசித்தார்கள். ஆதார், வங்கிக் கணக்கு எதிலும் சிக்கல் இல்லை. குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா இருக்க வேண்டும் என்ற நிபந்தனையில்தான் மாட்டிக்கொண்டோம்.

எங்களிடம் இருந்தது தாத்தாவின் பெயரில் உள்ள நத்தம் பட்டா, அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்துக்கான பட்டா. தாத்தாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அம்மாவின் பெயருக்கு மாற்ற வேண்டுமானால் தாத்தாவின் இறப்புச் சான்று, இருவருக்குமான வாரிசுச் சான்றுகள், இரண்டு அத்தைகளும் நானும் எங்கள் பங்கை விட்டுத்தருவதாக எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஆகியவை வேண்டும். அத்தைகள் இருவரும் மறுபேச்சு இல்லாமல் வந்து கையெழுத்திட்டார்கள். ஆனால், தாத்தா இறந்தபோது அதை யாரும் பதிவு செய்திருக்கவில்லை. ஓராண்டைக் கடந்த இறப்பைப் பதிவு செய்வதற்குத் தனியாக ஆணை பெற வேண்டும் என்பதால் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்ததிலேயே இரண்டு மாதங்கள் ஓடின. உங்கள் வீட்டில் மூத்தவர்களின் இறப்பு பதிவாகியிருக்கிறதா என்பதை இன்றே பாருங்கள். பட்டியலில் பெயர் வந்த பிறகு பார்ப்பது மிகவும் தாமதம்.

அடுத்த இரண்டு மாதங்கள் என்னுடைய கவனக்குறைவால் போயின. பட்டா மாறுதலில் உட்பிரிவுடன் கூடியது, உட்பிரிவு அற்றது என்று இரு வகை உண்டு. எங்கள் இரண்டு சென்ட் இடம் முழுமையாக ஒரே பெயரில் இருந்ததால் அதைப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை. இ-சேவை மையத்தில் விண்ணப்பத்தைப் பதிவு செய்தவர் உட்பிரிவு என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டார். நானும் சரிபார்க்காமல் ஒப்புகைச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். விண்ணப்பம் நில அளவரிடம் போய், அவர் அளக்க வருவார் என்று நாங்கள் காத்திருந்து, கடைசியில் நிராகரிப்புக் குறுஞ்செய்திதான் வந்தது. பணம் கட்டுவதற்கு முன் திரையைத் தங்கள் பக்கம் திருப்பச் சொல்லி, எந்த வகை என்பதை ஒரு முறை படித்துவிடுங்கள்.

எஞ்சிய மூன்று மாதங்களை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. சரியான வகையில் மீண்டும் விண்ணப்பித்து, எல்லா ஆவணங்களுடனும் வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சென்றேன். அங்கிருந்த எழுத்தர் பழைய பட்டாவையும் புதிய இறப்புச் சான்றையும் அருகருகே வைத்து, விரலால் தடவிப் படித்தார். தாத்தாவின் பெயர் ஒன்றில் 'முத்துசாமி', மற்றொன்றில் 'முத்துச்சாமி'. இருவரும் வேறு வேறு ஆட்கள் என்று சொல்லி ஆவணக் கட்டைத் திருப்பித் தந்துவிட்டார். தந்தை பெயர், ஊர் என மற்ற அனைத்தும் ஒத்திருப்பதைக் காட்டியும் பயனில்லை. இருவரும் ஒருவரே என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கிச் சென்றால் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும் என்றார். அதை நோட்டரியிடம் வாங்கிச் சென்றால், அதிகாரி முகாமுக்குப் போயிருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள் என்றார். என்னென்ன வேண்டும் என்பதை முதல் நாளிலேயே ஒரு தாளில் எழுதித் தந்திருந்தால் எனக்கு ஆறு நாள் கூலி மிஞ்சியிருக்கும்.

வழி பிறந்தது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. அங்கிருந்த வழக்கறிஞர், அம்மாவின் பெயரிலேயே ஒரு பக்க மனு எழுதி, கொடுத்த ஆவணங்கள், கொடுத்த தேதி, ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்ட காரணம் ஆகியவற்றை வரிசையாகக் குறிப்பிட்டுத் தந்தார். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அதைக் கொடுத்து, எண்ணுடன் ரசீது பெற்றோம். பதினோராவது நாள் பட்டா அம்மாவின் பெயருக்கு மாறியது. எதையும் வாய்மொழியாகக் கேட்டுத் திரும்பாதீர்கள். ரசீது எண் இல்லாத மனு கொடுக்காத மனுவுக்குச் சமம்.

பிறகு பணி ஆணை வந்தது, கடைக்கால் எடுத்தோம், மட்டத்துக்கு மட்டம் படம் எடுத்துப் பதிவேற்றினார்கள், தவணைப் பணம் கணக்கில் ஏறியது. இந்தக் கட்டத்தில் ஓர் எச்சரிக்கை மட்டும்: ஒன்றியப் பொறியாளர் வந்து குடிசையைப் படம் எடுக்கும்வரை அதைப் பிரிக்காதீர்கள். எங்கள் தெருவில் ஓர் அக்கா மழைக்கு முன் தொடங்கும் அவசரத்தில் குடிசையைப் பிரித்துவிட்டு, அங்கே குடிசை இருந்தது என்பதை மெய்ப்பிக்க அலைந்துகொண்டிருந்தார்.

என்னை உண்மையில் உறுத்துவது வேறொன்று. எங்களுக்குப் பெயரில் ஓர் ஒற்றெழுத்துத்தான் தடையாக இருந்தது. ஓடைக்கரையில் குடியிருக்கும் பெரியம்மாவிடம் காட்டுவதற்கு ஒரு தாள்கூட இல்லை. அவர் குடிசை எங்களுடையதைவிட மோசமானது, ஆனால் நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கிடைக்காது, பட்டா இல்லாமல் வீடு கிடைக்காது. நம் அரசியலமைப்பில் வீட்டுரிமை தனியாக எழுதப்படவில்லை என்றாலும், 21ஆம் பிரிவின் வாழ்வுரிமைக்குள் உறைவிட உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சமேலி சிங் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கே, பட்டியல் சாதியினருக்கு வீட்டுமனை வழங்குவதற்காக அரசு நிலம் எடுத்ததை எதிர்த்து நில உடைமையாளர்கள் தொடுத்தது. நிலம் எடுத்தது செல்லும் என்று தீர்ப்பானது. அதாவது, மனையில்லாதவருக்கு மனை தேடித் தருவதும் அரசின் கடமைக்குள் வருகிறது. வீட்டுக்குப் பணம் தரும் திட்டம் மனையுள்ளவரிடமிருந்து தொடங்கினால், மிகவும் தேவையுள்ளவர் பட்டியலுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறார்.

பெரியம்மாவுக்கு மாற்றிடத்தில் இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு எழுதியிருக்கிறோம். அவருடைய குடும்ப அட்டையில் உள்ள பெயரையும் ஆதாரில் உள்ள பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன், தலைப்பெழுத்து மாறியிருக்கிறது. முதலில் அதைத் திருத்திவிட்டு, அதற்கடுத்த திங்கட்கிழமை அவரை அழைத்துக்கொண்டு போகிறேன்.