சொட்டுகிறது என்றால் அடங்கவில்லை என்று அர்த்தமில்லை

சிறுநீரகப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். "அப்பாவுக்கு அடங்கவே மாட்டேங்குது சிஸ்டர், வேட்டியெல்லாம் நனைஞ்சிடுது" என்று சொல்லிக்கொண்டு வரும் மகன்களை நிறையப் பார்க்கிறேன். வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று வீட்டில் முடிவு கட்டியிருப்பார்கள். பெரியவரைப் படுக்கவைத்து அடிவயிற்றைத் தொட்டால், சிலருக்குத் தொப்புளுக்குக் கீழே உருண்டையாக, கெட்டியாக இருக்கும். அத்தனையும் தேங்கிய சிறுநீர். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கிப் பாதையை நெருக்கிவிட, உள்ளே இடமில்லாமல் மீதி வழிகிறது. டாக்டர் ட்யூப் போட்டதும் பையில் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு லிட்டரையும் தாண்டும். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர் அப்போதுதான் காலை நீட்டுவார்.

சாதாரணமாக 400 முதல் 500 மி.லி. வரை சிறுநீர்ப்பை பிடிக்கும். பாதி நிரம்புவதற்குள்ளேயே முதல் உணர்வு வந்துவிடும். தண்டுவடம் வழியாகச் சேதி மூளைக்குப் போகும். இடம் தோதாக இல்லையென்றால் மூளை பொறுக்கச் சொல்லும். அதுவரை பையின் தசை தளர்ந்தும் வாய்ப்பக்கத் தசை இறுகியும் இருக்கும். போய் உட்கார்ந்ததும் இரண்டும் மாறிக்கொள்ளும். சுகர் பல வருடம் கட்டுக்குள் இல்லாமல் போனால் சேதி சொல்லும் நரம்பே மந்தமாகிவிடும். பை நிரம்பியதே அவர்களுக்குத் தெரியாது.

பெண்களிடம் விஷயத்தை வரவழைப்பதுதான் கஷ்டம். மகன் பக்கத்தில் நின்றால் இடுப்பு வலி என்பார்கள். மருந்து வாங்க அவரை அனுப்பிவிட்டு, "இருமினா, தும்மினா கசியுதாம்மா?" என்று கேட்டால் தலையாட்டுவார்கள். பிரசவத்தில் தளர்ந்த இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை மூன்று மாதம் விடாமல் செய்தால் பலருக்குக் குறைகிறது. இது தெரியாமல் நாப்கின் வைத்தே காலத்தை ஓட்டியவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

அப்புறம், ஜவுளிக்கடைப் பெண்கள். கடையில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. ஆனால் கழிப்பறைக்குப் போக இன்னும் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டியிருக்கிறது என்று நீர்க்கடுப்போடு வருபவர்கள் சொல்கிறார்கள். அதற்குப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. மாத்திரை ஐந்து நாளில் கேட்கும்; அதே கடை, அதே தாகம் என்றால் மறுபடி வரும். அதனால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை போக வேண்டும் என்பதையும் டாக்டரிடம் சொல்லி, அவர்கள் கடையில் காட்டுகிற மாதிரி சீட்டிலேயே எழுதி வாங்கித் தருகிறேன்.