எட்டுக் கிழமைக் கணக்கு

லண்டனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாடியாக எக்ஸ்டென்ஷன் கட்ட கவுன்சிலுக்கு விண்ணப்பம் போட்டதும், எட்டுக் கிழமையில் பதில் என்று மனைவிக்குச் சொல்லிவிட்டேன். பத்தாம் நாள் ஈமெயில் வந்தது: இடத்தின் வரைபடத்தில் காணியைச் சுற்றிச் சிவப்புக் கோடு இல்லையாம். அதைத் திருத்திக் கொடுத்த பிறகுதான் அந்த எட்டுக் கிழமையே எண்ணத் தொடங்கினார்கள்.

அப்புறம் அயலவர்களுக்குக் கடிதம் போனது. கருத்துச் சொல்ல 21 நாள். எங்கள் பிளான் முழுக்க இணையத்தில். எங்கள் குளியலறை எங்கே என்று தெருவே பார்க்கலாம். வந்தது ஒரே ஒரு எதிர்ப்பு, ஒட்டிய வீட்டு மூதாட்டியிடமிருந்து. தன் படுக்கையறைக்கு வெளிச்சம் குறையும், வீட்டு விலையும் விழும் என்று எழுதியிருந்தார். விலையைக் கவுன்சில் கணக்கில் எடுக்காது, வெளிச்சத்தை எடுக்கும்.

வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்கே கோர்ட்டுக்குப் போன ஊர்க்காரன் நான். வேலிக்கு மேலால் நேரே சொல்லியிருக்கலாமே என்று கோபம் வந்தது. ஆனால் பிளானை அவருக்கு முதலில் காட்டாதது நான்தானே.

ஐந்தாம் கிழமை அதிகாரி வந்தார். பத்து நிமிடம் படம் எடுத்தார், வாயே திறக்கவில்லை. பிறகு எழுதினார்: அந்த அம்மாவின் யன்னல் நடுவிலிருந்து 45 பாகையில் கோடு கீறினால் எங்கள் மேல்மாடி அதைத் தாண்டுகிறது, 60 சென்ரிமீற்றர் குறைக்காவிட்டால் மறுப்புத்தான். மறுத்தால் 12 கிழமைக்குள் மேன்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணமும் இல்லை. ஆனால் யார் மாதக்கணக்கில் காத்திருப்பது? குறைத்தோம். அதற்காக முடிவுத் தேதியை இரண்டு கிழமை தள்ளவும் சம்மதித்தோம்.

அனுமதி வந்தது. மூன்று வருடத்துக்குள் தொடங்க வேண்டும், செங்கல் பழைய வீட்டோடு பொருந்த வேண்டும். சரி, நாளைக்கே தோண்டலாம் என்று நினைத்தால், கட்டட விதிகளுக்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டுமாம். அதோடு 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டம். பக்கத்து வீட்டு அம்மாவின் கட்டடத்திலிருந்து மூன்று மீற்றருக்குள், அவருடைய அத்திவாரத்தை விட ஆழமாகத் தோண்டுவதால் ஒரு மாதம் முன்பே அறிவித்தல் கொடுக்க வேண்டும். 14 நாளில் அவர் சம்மதம் எழுதித் தராவிட்டால் தகராறு என்றே கொள்வார்கள். அதைத் தீர்க்க வரும் சர்வேயர் செலவு பெரும்பாலும் எங்கள் தலையில்.

இந்த முறை கடிதத்தை நானே கொண்டுபோனேன். தேத்தண்ணி தந்தார், கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார், மகனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்றைக்கு ஒன்பதாம் நாள்.