குட்செல் வரையும் நெரிசல்

துறையில் என் கணினியைத் திறந்தால் முதலில் தெரிவது ஒரு பாக்டீரியா. ஓரத்தில் பச்சை, உள்ளே நீலமும் ஊதாவும், நடுவில் மஞ்சளும் ஆரஞ்சும். விரல் வைக்க இடமில்லாமல் நெருக்கி நெருக்கி நிரப்பிய வாட்டர்கலர் படம். ஃபைலோடு வந்த அலுவலக அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "எந்தக் கடை டிசைன் மேடம் இது? பார்டர் நல்லா இருக்கே" என்றார். அவர் பார்டர் என்று சொன்னது ஈ. கோலை என்ற அந்தப் பாக்டீரியாவின் செல்சுவரை. நல்லா இருக்கு என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

வரைந்தவர் டேவிட் குட்செல். கலிபோர்னியாவின் லா ஹோயாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியலாளர். ஒரு மருந்து மூலக்கூறு புரதத்தில் எங்கே போய் ஒட்டும் என்று கணிக்கிற ஆட்டோடாக் மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவர். எங்கள் எம்எஸ்சி பிள்ளைகள் ப்ராஜெக்ட்டுக்கு அதைத்தான் ஓட்டுகிறார்கள். அதை எழுதிய மனிதர் தூரிகையும் பிடிப்பவர் என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. 2000 ஜனவரியில் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கு மேல், மூலக்கூறுகளின் முப்பரிமாண அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் புரதத் தரவு வங்கிக்காக மாதம் ஒரு மூலக்கூறைப் பற்றிப் படத்தோடு எழுதியவரும் இவர்தான்.

நாமெல்லாம் "படம் வரைந்து பாகங்களைக் குறிக்கவும்" என்ற கேள்வியில் வளர்ந்தவர்கள். செல் என்றால் ஒரு வட்டம், நடுவில் கரு, ஓரமாக நாலு மைட்டோகாண்ட்ரியா, அங்கங்கே ரைபோசோம் என்று கொஞ்சம் புள்ளி. மீதி வெறும் தாள். அந்த வெறும் தாளுக்கு ஒரு கோடு இழுத்து சைட்டோபிளாசம் என்று எழுதிவிட்டால் அதற்கும் மார்க் உண்டு. அந்தப் படத்தைப் பார்க்கிற பிள்ளைக்கு, செல்லுக்குள் ஒரு புரதம் தன் பாட்டுக்கு உலாத்திக்கொண்டு போகும் என்றுதான் தோன்றும். இருப்பதையெல்லாம் அதனதன் அளவில், அதனதன் எண்ணிக்கையில் வரைந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கக் கிளம்பியவர் குட்செல். 1991இல் ஓர் உயிர்வேதியியல் இதழில் கறுப்பு மைக்கோட்டுப் படங்களாக அதை வெளியிட்டார். நிறமே இல்லாத அந்தப் பழைய படங்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம். கண்ணுக்கு இளைப்பாற இடமே தராதவை.

அவர் அடிக்கடி எடுத்துக்கொள்ளும் உருப்பெருக்கம் பத்து லட்சம் மடங்கு. இதில் ஒரு சௌகரியம் உண்டு: நானோமீட்டர் எல்லாம் மில்லிமீட்டர் ஆகிவிடும். வகுப்பில் இந்தக் கணக்கை நான் போர்டிலேயே போட்டுக் காட்டுவேன். ஈ. கோலையின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர், அதாவது போர்டில் 2 மீட்டர். சராசரிப் புரதம் 5 மில்லிமீட்டர். ரைபோசோம் 2 சென்டிமீட்டர். டிஎன்ஏ இழையின் தடிமன் 2 மில்லிமீட்டர். சரி, அந்த இழையின் நீளம்? டிஎன்ஏ ஏணி என்றால் அதன் படிகள்தான் கார இணைகள். மொத்தம் 46 லட்சம், ஒவ்வொன்றுக்கும் 0.34 நானோமீட்டர். பெருக்கினால் ஒன்றரை கிலோமீட்டர் வரும். "காலேஜ் வாசல்ல இருந்து பஸ் ஸ்டாண்டு தாண்டிடும் மேடம்" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வரும். அந்த ஒன்றரை கிலோமீட்டர் நூலும், வேகமாக வளரும் செல் என்றால் பல்லாயிரம் ரைபோசோம்களும், லட்சக்கணக்கில் புரதங்களும் அந்த 2 மீட்டருக்குள் அடங்கியாக வேண்டும். குட்செல் படத்தில் இருக்கும் நெரிசலுக்குக் காரணம் இந்தக் கணக்குதான், அலங்காரம் இல்லை.

1999இல் வரைந்த ஈ. கோலை படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே பச்சையில் இரண்டு அடுக்குச் சவ்வு. அதைக் குறுக்கே துளைத்துக்கொண்டு நிற்கிறது கசையிழையை, அதாவது பாக்டீரியா நீந்த உதவும் வாலை, சுழற்றும் மோட்டார். கீழே வந்தால் ஊதா உருண்டைகள், அவை புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள். அவற்றினூடே ஓடுகிற வெள்ளை இழை, அந்தப் புரதத்துக்கான குறிப்பை டிஎன்ஏவிலிருந்து கொண்டு வரும் தூது ஆர்என்ஏ. பக்கத்தில் 'எல்' எழுத்துப்போல மடங்கிய அரக்கு நிறத் துணுக்குகள்தான் அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் கடத்து ஆர்என்ஏ. இன்னும் கீழே மஞ்சள் டிஎன்ஏ, சின்னச் சின்னப் புரதங்களைச் சுற்றி வளைந்து கிடக்கிறது. நிழல் இல்லை, பளபளப்பு இல்லை. தட்டையான நிறம், சுற்றி ஒரு கோடு, அவ்வளவுதான். இன்றைக்கு வரும் முப்பரிமாண அனிமேஷன்களில் செல்லுக்குள் எங்கிருந்தோ விளக்கு அடிக்கிறது, புரதம் ஈரமாக மினுங்குகிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. ஒளியின் அலையைவிடச் சிறிய இடத்தில் ஏது விளக்கு?

நிறத்துக்கும் இதே கதைதான். பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 500 நானோமீட்டர். நம் போர்டுக் கணக்கில் அது அரை மீட்டர். 5 மில்லிமீட்டர் புரதத்தை அரை மீட்டர் அலையை வைத்துக்கொண்டு பார்ப்பது என்பதே கிடையாது. ஆக, அந்தப் படத்தில் இருக்கும் நிறம் எல்லாம் அவர் கொடுத்தவை. சவ்வுக்கு ஒரு குடும்பம், சைட்டோபிளாசத்துக்கு ஒரு குடும்பம், டிஎன்ஏ இருக்கும் பகுதிக்கு ஒரு குடும்பம் என்று பிரித்திருப்பதால், தள்ளி நின்றால் பகுதிகள் தெரியும், கிட்டே போனால் தனித்தனி மூலக்கூறு தெரியும்.

வடிவங்கள் அப்படி இல்லை. ஒவ்வொரு புரதத்தின் வெளிக்கோடும் ஆய்வகங்கள் கண்டுபிடித்துத் தரவு வங்கியில் சேர்த்த அமைப்பிலிருந்து வருவது. 1971இல் அந்த வங்கி தொடங்கியபோது கையில் இருந்தவை ஏழே அமைப்புகள். இன்று 2 லட்சத்துக்கு மேல். இதில் நம்ம சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்கலாம், எதில் மடங்க முடியாது என்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963இல் வரைந்து காட்டினார்களே, அந்த ராமச்சந்திரன் வரைபடத்தை வைத்துத்தான் இன்றும் புதிய அமைப்புகளைச் சரிபார்க்கிறார்கள். வரைந்து பார்த்தால்தான் இந்தத் துறையில் பல விஷயம் பிடிபடுகிறது. 1961இல் இர்விங் கைஸ் என்ற ஓவியர் திமிங்கலத்தின் தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தை அணு அணுவாகக் கையால் வரைந்தார். குட்செல் அந்த வழியில் வந்தவர்.

எல்லாவற்றுக்கும் அமைப்பு கிடைத்துவிடுமா என்றால் இல்லை. எனக்கு அவர் வேலையில் பிடித்ததே அந்த இடம்தான். 2020 பிப்ரவரியில் கொரோனா வைரஸை வரைந்தார். கோளத்தைச் சுற்றி இளஞ்சிவப்புக் கூர்முனைகள், உள்ளே ஆர்என்ஏவோடு பின்னிய புரதச் சுருள், வெளியே நுரையீரலின் சளியும் எதிர்ப்பொருட்களும். புது வைரஸைப் பற்றிய விவரம் அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. பழைய சார்ஸ் வைரஸைப் பற்றித் தெரிந்திருந்ததை வைத்து இடைவெளிகளை நிரப்ப வேண்டியிருந்தது. ஆய்வுக் கட்டுரையில் "மேலும் ஆய்வு தேவை" என்று ஒரு வரி எழுதி நகர்ந்துவிடலாம். தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படி நகர முடியாது. உள்ளே சுருள் இப்படிப் போகிறதா அப்படிப் போகிறதா, ஏதாவது ஒன்றை வரைந்தே ஆக வேண்டும். வரைந்தால் தப்பு என்று நாளைக்கு ஒருவர் காட்டலாம். வெள்ளையாக விட்டால் யாரும் எதையும் காட்ட முடியாது. பாடப்புத்தக வட்டத்தில் நாம் விடும் வெள்ளை இடமும் ஒரு முடிவுதான், யாரும் கேள்வி கேட்காத முடிவு.

அழகு கூடிவிட்டது என்ற குறையும் எனக்கு உண்டு. அந்த ஊரடங்கு நாட்களில் அந்த வைரஸை அத்தனை அழகாகப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. 2016இல் அறிவியல் படங்களுக்கான வெல்கம் போட்டியில் முதலிடம் வாங்கிய எபோலா படமும் அப்படித்தான், பார்த்துக்கொண்டே இருக்கலாம். அப்புறம் தண்ணீர். செல்லின் எடையில் சுமார் 70 சதவீதம் தண்ணீர். அதையும் அயனிகளையும் சின்ன மூலக்கூறுகளையும் அவர் வரைவதில்லை. வரைந்தால் வேறெதுவும் தெரியாது என்பது நியாயம்தான்.

இந்தப் படங்களைப் பெயர் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று தரவு வங்கியின் கல்வித் தளத்தில் போட்டிருக்கிறார்கள். வண்ணம் தீட்ட வெறும் கோட்டுப் படங்களும் கிடைக்கின்றன. இந்தப் பருவத்தில் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து இரண்டாம் ஆண்டுக்குக் கொடுத்தேன். என்ன நிறம் வேண்டுமானாலும் கொடுங்கள், ஏன் என்று ஓரத்தில் எழுதுங்கள், அவ்வளவுதான் நிபந்தனை. பெரும்பாலோர் அழகாகத்தான் செய்திருந்தார்கள். ஒரு பையன் மட்டும் புரதங்களை எல்லாம் வெள்ளையாக விட்டுவிட்டு, இடுக்கு இடுக்காக நீலம் தீட்டியிருந்தான். ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தான்: "தண்ணிதானே மேடம் அதிகம்?"

செய்முறைத் தேர்வுக்கு வரும் வெளித்தேர்வாளர் என்ன சொல்வாரோ. நான் ரெக்கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.