பட்டியலில் முதலிடம், சில மாதத்தில் மூடுவிழா

விளையாட்டுத் தரவு நிறுவனத்தில் வேலை என்று சொன்னதும், "அப்போ தினமும் மேட்ச் பார்ப்பீங்களா?" என்றுதான் கேட்பார்கள். நான் இருந்த பிரிவுக்கும் நடக்கிற மேட்சுக்கும் சம்பந்தமே இல்லை. பழைய சீசன்களின் ஸ்கோர், ஆட்டக்காரர் விவரம், புள்ளிப்பட்டியல் எல்லாவற்றையும் சரிபார்த்து டேட்டாபேஸில் ஏற்றுவதுதான் எங்கள் வேலை. அதிலும் மூடப்பட்ட கிளப்புகள் என்றால் எல்லோரும் நழுவப் பார்ப்பார்கள். உயிரோடு இருக்கும் கிளப்பில் ஒரு கோல் தவறிப்போனால் அன்றைக்கே ஒரு ரசிகர் மெயில் போட்டுத் திட்டுவார். மூடிய கிளப்புக்குத் திட்டக்கூட ஆள் கிடையாது. அதனாலேயே அங்கே கூடுதல் கவனம் வேண்டும் என்பது என் கட்சி.

அப்படி என் பங்குக்கு வந்ததுதான் மயாமி ஃப்யூஷன். அமெரிக்காவின் கால்பந்து லீக்கான மேஜர் லீக் சாக்கரில் 1998 முதல் 2001 வரை ஆடிய கிளப். மொத்தமே நாலு சீசன். ஆனால் அந்த நாலு சீசனையும் ஒரே அச்சில் வார்க்க முடியாது. முதல் இரண்டு சீசனில் அந்த லீக்கில் டிரா என்பதே கிடையாது. ஆட்டம் சமநிலையில் முடிந்தால் ஷூட்அவுட். பெனால்டி மாதிரி பந்தை வைத்து உதைப்பதில்லை. கோலிலிருந்து 35 கஜ தூரத்தில் பந்தோடு கிளம்பி, 5 நொடிக்குள் கோல்கீப்பரைத் தாண்டிப் போட வேண்டும். அதில் ஜெயித்தால் ஒரு புள்ளி, தோற்றால் பூஜ்யம். 2000-ல் இதைத் தூக்கிவிட்டு, உலகம் முழுக்க உள்ளதுபோல டிராவைக் கொண்டுவந்தார்கள். எங்கள் படிவத்திலோ ஐரோப்பிய லீக்குகளை மனதில் வைத்துப் போட்ட கட்டங்கள்தான்: வெற்றி, டிரா, தோல்வி. ஷூட்அவுட் வெற்றியை எந்தக் கட்டத்தில் போட்டாலும் பொய்தான். தனிக் கட்டம் கேட்டு வாங்கினேன்.

சரி, கிளப்பின் கதைக்கு வருவோம். தொலைத்தொடர்புத் தொழிலில் இருந்த கென் ஹொரோவிட்ஸ் 2 கோடி டாலர் கொடுத்து இந்த அணியை வாங்கினார். 1998-ல் சிகாகோ ஃபயரும் மயாமியும் சேர, லீக் 12 அணிகள் ஆனது. மயாமியின் ஆரஞ்சு பவுல் அரங்கில் ஆடுவதாகத்தான் திட்டம். குத்தகைப் பேச்சு படியவில்லை. வடக்கே ஃபோர்ட் லாடர்டேலில் இருந்த லாக்ஹார்ட் அரங்கைப் புதுப்பித்து அங்கே போனார்கள். பெயரில் மயாமி, ஆடுவது பக்கத்து கவுண்டியில். மயாமி நகரத்துக்காரர் ஒருவர் வேலை நாளில் சாயங்கால நெரிசலைத் தாண்டி அங்கே வருவாரா என்பதைச் சொல்ல எந்தப் புள்ளிவிவரமும் வேண்டாம்.

முதல் ஆட்டம் 1998 மார்ச் 15, டிசி யுனைடெட்டுக்கு எதிராக. அரங்கு நிறைந்து 20,450 பேர். 0-2 தோல்வி. கூட்டத்தை இழுக்கக் கொண்டுவந்தவர் கொலம்பியாவின் கார்லோஸ் வால்டராமா. சுருள் முடிக்காகவே அவரை நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. அடுத்த வருடமே அவர் பழைய அணியான டாம்பா பே மியூட்டினிக்குத் திரும்பிவிட்டார். 2000-ல் கால்பந்தின் யூஎஸ் ஓபன் கோப்பையில் இறுதிவரை போய் சிகாகோவிடம் 2-1 என்று தோற்றார்கள்.

அந்த வருட நடுவில் பயிற்சியாளர் பொறுப்புக்கு வந்தவர் ரே ஹட்சன். இங்கிலாந்துக்காரர். பிற்காலத்தில் டிவி வர்ணனையில் மெஸ்ஸியைப் பற்றி ஆவேசமாகப் பேசிப் பேசியே பிரபலமானவர். எழுபதுகளில் இதே லாக்ஹார்ட் அரங்கில் ஃபோர்ட் லாடர்டேல் ஸ்ட்ரைக்கர்ஸ் அணிக்கு ஆடியவர். அந்த கிளப்பும் மூடியதுதான், அது வேறு கதை. அவர் கையில் 2001 அணி வேறு மாதிரி ஆனது. ஹோண்டுராஸின் அலெக்ஸ் பினேடா சக்கோன் 19 கோல் போட்டு லீக்கின் சிறந்த வீரர் ஆனார். டியேகோ செர்னா, பிரெக்கி, இயன் பிஷப், கோலில் நிக் ரிமாண்டோ, நடுவில் பாப்லோ மாஸ்ட்ரோனி. 26 ஆட்டங்களில் 57 கோல். ஆட்டப் பதிவுகளை ஏற்றும்போது 'இந்த அணி அடுத்து என்ன செய்யும்' என்று ஆவலோடு பக்கம் புரட்டிய வேறு கிளப் எனக்கு நினைவில்லை. முடிவு தெரிந்த கதைதான், இருந்தாலும்.

ஏன் 26? ஒவ்வொரு அணிக்கும் 28 ஆட்டம் இருக்க வேண்டும். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, மிச்சமிருந்த லீக் ஆட்டங்களை ரத்து செய்து கோப்பை யாருக்கு என்று முடிவுசெய்யும் பிளேஆஃப் சுற்றுக்கு நேராகப் போனார்கள். அதனால் சில அணிகள் 26, சில 27. மயாமி 26 ஆட்டத்தில் 53 புள்ளி. சிகாகோ 27 ஆட்டத்தில் அதே 53. லீக் கட்டத்தில் முதலிடத்துக்கான சப்போர்ட்டர்ஸ் ஷீல்டு மயாமிக்கு. எங்கள் மென்பொருள் எல்லா அணியும் 28 ஆடியிருக்க வேண்டும் என்று அடம்பிடித்து, பட்டியல் முழுவதையும் சிவப்பில் காட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்து இருக்கைத் தம்பி, "அண்ணா, ரெண்டு மேட்சை 0-0ன்னு போட்டா சிவப்பு போயிடுமே" என்றான். நடக்காத ஆட்டத்துக்கு ஸ்கோர் போடும் அந்த யோசனை எத்தனை பழைய பட்டியல்களில் ஏற்கெனவே நுழைந்திருக்கிறதோ என்று அன்றைக்குத்தான் பயம் வந்தது.

அரையிறுதியில் சான் ஹோசேவிடம் மூன்றாவது ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் ட்ராய் டேயக் போட்ட கோல்டன் கோலில் (போட்டதும் ஆட்டம் முடியும் கோல்) தோல்வி. சான் ஹோசே கோப்பையையும் வென்றது. 2002 ஜனவரி 8 அன்று லீக் ஓர் அறிவிப்பு விட்டது: மயாமி ஃப்யூஷன், டாம்பா பே மியூட்டினி இரண்டும் இனி இல்லை. மூன்று நாள் கழித்து, வீரர்களை மற்ற அணிகள் முறை வைத்து எடுத்துக்கொண்டன. அவர்களுடைய ஒப்பந்தம் கிளப்போடு இல்லை, லீக்கோடு. அதனால்தான் அது அவ்வளவு சீக்கிரம் முடிந்தது. ரிமாண்டோவும் அப்போது சின்னப் பையனாக இருந்த கைல் பெக்கர்மேனும் 2009-ல் ரியல் சால்ட் லேக்குக்காகச் சேர்ந்து கோப்பை வென்றார்கள்.

காரணம் ஒன்றும் மர்மமல்ல. அந்த நல்ல வருடத்திலேயே சராசரிக் கூட்டம் பதினோராயிரத்துச் சொச்சம்தான். சீசன் டிக்கெட்டும் விளம்பரதாரர் பணமும் குறைவு. மற்ற பெரிய முதலாளிகள் அளவுக்கு நஷ்டத்தைத் தாங்கும் பை ஹொரோவிட்ஸுக்கு இல்லை. டாம்பாவுக்கோ முதலாளியே இல்லை, லீக்தான் நடத்திக்கொண்டிருந்தது. மேலே எழுதிய எந்தக் கோலும் இந்தக் கணக்கில் வரவில்லை.

கிளப் பக்கத்தில் 'முடிவுக்கான காரணம்' என்று ஒரு கட்டம். அதில் தேர்ந்தெடுக்க இருந்தவை: தரமிறக்கம் (கீழ் லீக்குக்கு இறங்குவது), இணைப்பு, திவால், தெரியவில்லை. ஃப்யூஷன் இதில் எதுவும் இல்லை. அந்த லீக்கில் தரமிறக்கமே கிடையாது. முன்பு ஏற்றியவர் 'தெரியவில்லை' என்று போட்டிருந்தார். நாள் உட்படத் தெரிந்த ஒரு முடிவுக்கு அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும்.

இதற்கிடையில் இன்னொரு கோரிக்கை வந்தது. 2020-ல் வந்த இன்டர் மயாமி முதலில் ஆடிய அரங்கு, லாக்ஹார்ட்டை இடித்த அதே இடத்தில் கட்டியது. அந்த அணி 2024-ல் அதே ஷீல்டையும் வென்றது. அதனால் இரண்டையும் ஒரே கிளப்பாக இணைத்தால் தேடுவோருக்கு வசதி என்றார்கள். முதலாளி வேறு, நிறுவனம் வேறு, நடுவில் 18 வருட இடைவெளி. முடியாது என்று எழுதினேன். கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தச் சூட்டோடு காரணக் கட்டத்திலும் 'லீக் முடிவால் நீக்கம்' என்று புதிய தேர்வைச் சேர்க்க வைத்தேன். முதலில் அதில் ஃப்யூஷனையும் மியூட்டினியையும் போட்டேன். அப்புறம், 2014-ல் லீக்கே விலைக்கு வாங்கி, அதே வருடம் மூடிய சீவாஸ் யூஎஸ்ஏ. அதற்கும் 'தெரியவில்லை' என்றுதான் இருந்தது.