ஊசியில் ஏமாந்த சோழன்

சோழ மன்னன் ஒருவன் சீனத்தை வெல்லப் பெரும்படையோடு புறப்படுகிறான். வழியில் தெமாசெக் தீவில் இறங்கித் தங்குகிறான். சேதி எட்டியதும் சீனப் பேரரசர் படை திரட்டவில்லை. ஒரே ஒரு கப்பலை அனுப்பிவைக்கிறார். அதில் பல் விழுந்த கிழவர்கள், துருப்பிடித்த ஊசிகள், காய்த்து நிற்கும் பழமரங்கள். “சீனம் இன்னும் எவ்வளவு தூரம்?” என்று மன்னன் கேட்கிறான். “பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளாகக் கிளம்பினோம். இந்த மரங்கள் அன்று நாங்கள் போட்ட விதைகள். இந்த ஊசிகள் அன்று கை கனத்த இரும்புக் கம்பிகள்” என்கிறார்கள் கிழவர்கள். இந்த ஆயுளில் போய்ச் சேர முடியாது என்று மன்னன் கப்பலைத் திருப்பிவிடுகிறான்.

தெமாசெக் என்பது சிங்கப்பூரின் பழைய பெயர். கதை இருப்பது செஜாரா மெலாயு என்னும் மலாய் அரச வரலாற்றில். மன்னனின் பெயர் ராஜா சூலான். சில பிரதிகளில் ராஜா சூரான். அந்தப் பெயருக்குள் சோழனைக் காணும் ஆய்வாளர்கள் பலர். ஜான் லேடன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு, ராஃபிள்ஸின் முன்னுரையோடு 1821இல் லண்டனில் வெளிவந்தது. வரலாறு என்றுதான் எழுதினார்கள். எனக்கோ அதை மாயச் சரித்திர நாவலாகத்தான் படிக்க முடிகிறது. அப்படிப் படித்தால் கீழே வைக்க மனம் வருவதில்லை.

தஞ்சாவூரிலிருந்து பெரியப்பா சிங்கப்பூருக்கு வந்திருந்தபோது அந்த நாவலின் வழியே அவரை அழைத்துப் போனேன். வார இதழ்த் தொடர்களைக் கிழித்து பைண்டு செய்து வளர்ந்த தலைமுறை அவர். ராஜேந்திர சோழன் 1025இல் சுமத்ராவின் ஸ்ரீவிஜயப் பேரரசின் மீது கப்பற்படை அனுப்பியதைக் கேட்டால், “அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி” என்று மெய்க்கீர்த்தியை மூச்சுவிடாமல் சொல்வார். ஃபோர்ட் கேனிங் குன்றடியில் எம்ஆர்டி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் ஊசிக் கதையைச் சொல்லி முடித்தேன். படிக்கட்டில் நின்றுவிட்டார்.

“சோழனை ஊசியைக் காட்டி ஏமாற்றினார்களா? யாரம்மா இதை எழுதியது?”

“தோற்றவர்கள் வீட்டுக் கதை பெரியப்பா. அப்படித்தான் இருக்கும்.”

ஆனால் கதை அங்கே நிற்பதில்லை, அதுதான் அழகு. ஏமாந்த மன்னன், சீனம்தான் கிட்டவில்லை, கடலடியையாவது பார்ப்போம் என்று கண்ணாடிப் பெட்டி செய்து அதற்குள் உட்கார்ந்து கடலுக்குள் இறங்குகிறான். அடியில் ஒரு நாடு. அதன் அரசன் தன் மகள் மஹ்தாபுல் பஹ்ரியை மணமுடித்துக் கொடுக்கிறான். மூன்று பிள்ளைகள் பிறக்கிறார்கள். பிறகு பறக்கும் கடற்குதிரையில் ஏறி மன்னன் ஊர் திரும்புகிறான். அந்த வம்சத்தின் இளவரசர்கள் சுமத்ராவின் பலெம்பாங்கில் புக்கிட் செகுந்தாங் குன்றில் தோன்றுகிறார்கள். அந்த இரவில் இரண்டு கைம்பெண்களின் மலைநெல் பொன்மணியாக விளைகிறது. அந்த இளவரசர்களில் ஒருவன்தான் சிங்கப்பூரை நிறுவிய சாங் நீல உத்தமா.

எங்கள் சரித்திர நாவல்களில் சோழன் ஏமாறுவதே கிடையாது. மாறுவேடத்தில் வருவான், சுரங்கத்தில் நுழைவான், கடைசியில் வென்றுவிடுவான். இங்கே ஏமாறுகிறான், ஏமாந்த பிறகு ஆர்வம் தாங்காமல் கடலில் குதிக்கிறான். இவனைத்தான் எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது. படையெடுத்து வந்தவனைப் பழிக்காமல் மாப்பிள்ளையாக்கித் தங்கள் வம்சத்துக்கே மூதாதையாக வைத்துக்கொண்ட அந்த மலாய்க் கதைசொல்லியின் சாமர்த்தியம் பெரிது.

ஃபோர்ட் கேனிங் குன்று உயரமில்லை, வெயில்தான் கடுமை. மலாயில் இதற்குப் புக்கிட் லாராங்கான் என்று பெயர். தடைசெய்யப்பட்ட குன்று என்று பொருள். பழைய அரசர்கள் இங்கே வாழ்ந்தார்கள் என்ற அச்சத்தில் மக்கள் ஏறாமல் இருந்தார்கள். கதைதானே என்று விட்டுவிடவும் முடியாது. 1928இல் நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டியபோது பொன் நகைகள் கிடைத்தன. 1984இல் தொடங்கிய அகழாய்வில் பதினான்காம் நூற்றாண்டின் சீனப் பீங்கான் துண்டுகள் வெளிவந்தன. பெரியப்பாவுக்கு அகழாய்வுக் குழியைப் பார்த்ததும் உற்சாகம் வந்துவிட்டது. சாங் நீல உத்தமா தோட்டத்தின் பிளந்த வாசல்களுக்கு முன்னால் நின்று, கேட்காமலே படம் எடுக்கச் சொன்னார்.

குன்றடியில் தேசிய அரும்பொருளகம். அங்கே சிங்கப்பூர்க் கல்லின் ஒரு துண்டு இருக்கிறது. ஆற்றின் வாயில் நின்ற பெரிய கல்வெட்டை 1843இல் பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தார்கள். எஞ்சியவற்றுள் ஒன்று இது. எழுத்து இன்னும் முழுதாகப் படிக்கப்படவில்லை. ‘கேசரிவ’ என்று ஒரு தொடர் தெரிவதாகவும், பரகேசரிவர்மன் என்ற சோழப் பட்டத்தின் பகுதியாக அது இருக்கலாம் என்றும் ஓர் ஆய்வாளர் 2019இல் சொன்னார். இன்னும் ஊகம்தான். பெரியப்பாவுக்கு அது தீர்ப்பாகிவிட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, வெடிவைத்தவர்களைத் தஞ்சாவூர்த் தமிழில் வாழ்த்தினார்.

நாவல் இந்தக் கல்லுக்கு வேறு காரணம் சொல்கிறது. பதாங் என்று ஒரு மீனவ அடிமை. தன் மீனைத் திருடித் தின்ற பூதத்தைப் பிடித்து, அது கக்கியதைத் தின்று அசுரபலம் பெற்றவன். அவனோடு மோதக் கலிங்க ராஜா ஒரு மல்லனை அனுப்புகிறார். மல்லன் முழங்கால் வரை தூக்கிப் போட்ட பாறையை பதாங் அலாக்காகத் தூக்கி ஆற்றுவாயில் எறிந்துவிடுகிறான். அந்தப் பாறைதான் இந்தக் கல் என்பார்கள்.

“இதிலும் நம் பக்கம்தான் தோல்வியா?” என்றார் பெரியப்பா.

“பதாங் இறந்ததும் அவன் கல்லறைக்குக் கல் அனுப்பிவைத்தது அதே கலிங்க ராஜாதான்.”

“அதைச் சொல். அதுதான் பெரிய மனுஷத்தனம்.”

ஆற்றோரமாக நடந்து ஃபுல்லர்ட்டன் விடுதி வரை போனோம். கல் நின்ற இடம் அந்தப் பக்கத்தில்தான். நடுவில் கோப்பிக்கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். மெர்லயன் சிலையடியில் வழக்கமான கூட்டம். சாங் நீல உத்தமா இந்தத் தீவில் கண்டு சிங்கம் என்று நினைத்த விலங்குக்குச் சிவந்த உடல், கருத்த தலை, வெண்மார்பு என்கிறது செஜாரா மெலாயு. இந்தத் தீவில் சிங்கமே இருந்ததில்லை. மீன்வால் வைத்த இந்தச் சிங்கமோ 1964இல் சுற்றுலாச் சின்னமாக வரையப்பட்டது.

“சிங்கமும் இல்லை, கண்ட நிறமும் இல்லை, வால் மட்டும் கூடுதல். சோழனை மட்டும் குறை சொல்கிறார்கள்” என்றார்.

எனக்கு அந்தக் கதையில் ஒரே வருத்தம் மஹ்தாபுல் பஹ்ரி. மூன்று பிள்ளைகளோடு அவளைக் கடலுக்கு அடியிலேயே விட்டுவிட்டு அவன் குதிரையேறிப் போகிறான். பிள்ளைகள் வளர்ந்ததும் மேலே அனுப்பிவிடு என்று ஒரு வார்த்தை. அவள் என்ன சொன்னாள் என்று கதைசொல்லி எழுதவில்லை. பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தொடராக வந்திருந்தால் அடுத்த வாரம் அவளைப் பற்றித்தான் இருந்திருக்கும் என்றார். இப்போது தஞ்சாவூரில் இருந்து வாரம் ஒரு முறை கூப்பிட்டு, அந்த அடுத்த அத்தியாயத்தை எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன வாரம் வரை அவள் இன்னும் குதிரையைத் திருப்பி அனுப்பவில்லை.