வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) சிறுநீரக நரம்புகள்: நான் படித்த வழி

எம்.டி. உடலியங்கியல் படிப்பவர்கள் பெரும்பாலும் சிறுநீரக நரம்புகளைச் சிறுநீரகப் பாடத்தோடு மூடி வைத்துவிடுகிறார்கள். தேர்வாளர்கள் அப்படி விடுவதில்லை. என்னிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு) பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தவர், "இதில் சிறுநீரகத்துக்கு என்ன வேலை?" என்று திரும்பினார். அந்தக் கேள்விக்கு எப்படித் தயாராகலாம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வெள்ளைத்தாளில் மூளை, தண்டுவடம், சிறுநீரகம், இதயம் நான்கையும் வரையுங்கள். சிறுநீரகத்துக்கு இறங்கும் பரிவு நரம்புகளை (உடலை அவசர நிலைக்குத் தயார்படுத்தும் நரம்புகளை) எல்லோரும் வரைவார்கள். அவை செய்யும் மூன்று வேலைகளையும் வரிசை மாறாமல் சொல்லுங்கள். தூண்டல் மிதமாக இருக்கும்போதே பீட்டா-1 ஏற்பிகள் வழியாக, ரத்த அழுத்தத்தைக் கூட்டும் தொடரைத் தொடங்கிவைக்கும் ரெனின் என்ற நொதியின் சுரப்பு கூடுகிறது. தூண்டல் இன்னும் கூடினால் நுண்குழல்கள் சோடியத்தைப் பிடித்து வைக்கின்றன. அதற்கும் மேலே போனால்தான் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த ஓட்டம் குறைகிறது. இந்த வரிசையைச் சொன்னாலே தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார்.

மதிப்பெண் இருப்பது எதிர்த்திசைக் கோட்டில். சிறுநீரகத்திலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் உணர்வு நரம்புகளும் உண்டு. ரத்த ஓட்டம் குறைந்து சிறுநீரகம் தவிக்கும்போது அவை மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி வரை செய்தி அனுப்புகின்றன. மூளை உடல் முழுவதற்கும், இதயத்துக்கும் சேர்த்து, பரிவுத் தூண்டலைக் கூட்டுகிறது. இதற்கு நல்ல சான்று 1992இல் வந்த ஓர் ஆய்வு. டயாலிசிஸில் இருப்பவர்களில், சொந்தச் சிறுநீரகங்கள் உடலில் இருந்தவர்களுக்குத் தசை நரம்புகளில் பரிவுச் செயல்பாடு மிக அதிகம். இரண்டையும் அகற்றியவர்களுக்கு அது இயல்பான அளவில் இருந்தது. வேலை செய்யாத சிறுநீரகமும் பேசிக்கொண்டேதான் இருக்கிறது.

இனி இதயத்துக்கு வாருங்கள். ஏட்ரியத்தில் (மேலறையில்) பரிவு நரம்புகள் விடும் நார்அட்ரினலின் கூடினால் செல்லுக்குள் கால்சியம் மிகுந்து, நேரம் தவறிய துடிப்புகள் கிளம்பும்; இது பொறி. ரெனின் வழியே வரும் ஆஞ்சியோடென்சின்-2 ஏட்ரியத்தில் நார்த்திசுவை வளர்க்கிறது, சோடியத்தைத் தேக்கும் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோனும் கூட்டுச் சேர்கிறது, உயர் ரத்த அழுத்தம் சுவரை இழுக்கிறது. மின்னோட்டம் தடுமாறிச் சுற்றிவரும் களம் தயாராகிறது. இது விறகு. பொறி, விறகு இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். பலர் "பரிவுத் தூண்டல் கூடும்" என்பதோடு நிறுத்தி மதிப்பெண் இழக்கிறார்கள்.

சிகிச்சை பற்றிய கேள்வி வந்தால் நிதானம் தேவை. கதீட்டர் வழியாகச் சிறுநீரகத் தமனியைச் சுற்றியுள்ள நரம்புகளைச் சுடுவது ரீனல் டினர்வேஷன். 2020இல் வெளிவந்த எராடிகேட்-ஏஎஃப் ஆய்வில் உயர் ரத்த அழுத்தமும் விட்டுவிட்டு வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் உள்ள 302 பேர் இருந்தார்கள். நுரையீரல் சிரைகளைத் தனிமைப்படுத்தும் அப்லேஷன் (அங்கிருந்து வரும் தவறான மின்தூண்டல் இதயத்துக்குப் பரவாதபடி திசுவை அழிக்கும் சிகிச்சை) மட்டும் பெற்றவர்களில் 56.5 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் தொந்தரவின்றி இருந்தார்கள். டினர்வேஷனும் சேர்ந்தவர்களில் 72.1 சதவீதம். எண்களைச் சொல்லிவிட்டு உடனே இரண்டு குறைகளையும் நீங்களே சொல்லிவிடுங்கள். போலிச் சிகிச்சைக் குழு (நரம்பைச் சுடாமல், செய்ததுபோல் மட்டும் காட்டும் ஒப்பீட்டுக் குழு) இல்லை. ரத்த அழுத்தமும் குறைந்ததால், பலன் நரம்பை வெட்டியதாலா, அழுத்தம் இறங்கியதாலா என்று பிரிக்க முடியவில்லை. போலிச் சிகிச்சை ஏன் முக்கியம் என்று கேட்டால் 2014இன் சிம்ப்ளிசிட்டி எச்டிஎன்-3 ஆய்வு கைகொடுக்கும்: டினர்வேஷன் குழுவில் மேல் ரத்த அழுத்தம் சுமார் 14 புள்ளி இறங்கியது, போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் சுமார் 12 இறங்கியது.

கடைசியாக ஒரு கேள்வி, தேர்வாளர்களுக்கு மிகவும் பிடித்தது: "மாற்றுச் சிறுநீரகத்துக்கு நரம்பு இணைப்பே இல்லை, பிறகு எப்படி வேலை செய்கிறது?" ரெனின் சுரக்க நரம்பு ஒரு வழி மட்டுமே, தமனி அழுத்தமும், நுண்குழலில் உப்பை உணரும் செல்களான மாக்குலா டென்சாவும் தம் வேலையைத் தொடர்கின்றன என்பது பாதி பதில். பழைய சிறுநீரகங்கள் பெரும்பாலும் அகற்றப்படுவதில்லை, அவற்றின் உணர்வு நரம்புகள் இன்னும் மூளையோடு தொடர்பில் இருக்கின்றன, அதனால் பரிவுத் தூண்டல் அடங்காமல் தொடரலாம் என்பது மீதிப் பாதி.